ஒரே இலையில் சீனியும் கோப்பியும்

விமலாவுக்குப் பொறாமை கொஞ்சம் அதிகம். அவள் அதை மறைத்ததும் இல்லை. கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். சின்ன வயதில், தங்கையின் தீபாவளிச் சட்டையில் ஒரு பட்டன் கூடுதலாக இருந்ததற்காக அன்று முழுக்கச் சோறு தின்னவில்லை. தோட்டம் வீட்டுமனையாகி, குடும்பம் ஈப்போவுக்கு வந்து, கல்யாணமாகி, சிம்பாங் பூலாயில் வரிசை வீடுகள் கொண்ட தாமான் குடியிருப்பில் வீடு வாங்கி, மகளைக் கட்டிக் கொடுத்த பிறகும் அந்தக் குணம் அவளை விட்டுப் போகவில்லை. பக்கத்து வீட்டுக் கருவேப்பிலை தன் வீட்டுச் செடியைவிட ஒரு சாண் உயர்ந்துவிட்டால் முகம் சுண்டிப்போகும். ஆனால் கெட்ட மனசுக்காரி இல்லை. நல்ல நாள் பெரிய நாளில் அதே பக்கத்து வீட்டுக்குக் கறி கொடுத்தனுப்புவாள். அந்தக் கறியை அவர்கள் நாலு வார்த்தை புகழாவிட்டால்தான் தகராறு.

இப்படிப்பட்டவளுக்குத்தான் சீனி வாய்த்தது. சீனி ஒரு வெள்ளைக் கினி பிக். முயலில் பாதி, எலியில் பாதி, வால் மட்டும் கிடையாது. மகள் தினேஸ்வரி ஆசையாக வாங்கி வளர்த்து, கல்யாணமாகி ஜொகூருக்குப் போகும்போது அம்மா தலையில் கட்டிவிட்டுப் போனாள். புருஷன் சதாசிவம் கேமரன் மலையிலிருந்து காய்கறி லோரி ஓட்டுபவர். வீட்டில் இருப்பதைவிட ரோட்டில் இருப்பதுதான் அதிகம். விமலா டோபிக் கடையில் நாள் முழுக்க ஊரார் துணியை மடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் திரும்புவாள். வாசலில் மோட்டார் சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து "வீக்! வீக்!" என்று விசில் வரும். அந்த விசிலுக்காகவே அவள் வழியில் எங்கும் நிற்பதில்லை.

"நான் பெத்த பொண்ணுகூட என்னை இப்படித் தேடுனதில்ல" என்று கடையில் எல்லோரிடமும் சொல்லிக்கொள்வாள்.

அடுத்த வரிசை வீட்டில் பெட்ரீசியா இருந்தாள். அவள் புருஷன் எரிக்குக்கு வேலை மாறியதால் பத்து காஜா ஊரில் மாமியார் வீட்டோடு போய் இருக்கவேண்டி வந்தது. அந்த வீட்டில் பூனைகள். காப்பி நிறத்தால் கோப்பி என்று பேர் வாங்கிய அவளுடைய பழுப்புக் கினி பிக்குக்குப் போக்கிடம் இல்லை.

"அக்கா, ரெண்டும் பொட்டைதான். இதுங்க கூட்டமா வாழுற ஜாதி. சீனி தனியா இருக்கறது பாவம்லா" என்றாள் பெட்ரீசியா.

தான் இருக்கும்போது சீனி எப்படித் தனி என்று விமலாவுக்குச் சுருக்கென்றது. இருந்தாலும், தான் மறுத்து வேறு யாராவது வாங்கிக்கொண்டு நல்ல பெயர் எடுத்துவிடுவார்களோ என்ற நினைப்பில் சரி என்றுவிட்டாள்.

கோப்பியை அவள் வரவேற்றதை அந்தத் தாமானே சொல்லிச் சிரித்தது. வாசலில் நிறுத்தி, மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து ஆலம் சுற்றி, புதுப்பெண்ணைப்போல உள்ளே அழைத்தாள். அவள் கல்யாணத்தன்று பெண் மாப்பிள்ளை இருவரையும் ஒரே இலையில் சாப்பிட உட்கார வைத்தார்கள். ஒட்டுறவு வரும் என்று. அதே யோசனையில், இரண்டுக்கும் ஒரே தட்டு, ஒரே தண்ணீர்ப் புட்டி, படுக்க ஒரே வாசல் வைத்த ஒரே அட்டைப்பெட்டி என்று ஏற்பாடு செய்தாள்.

ஒட்டுறவு வரவில்லை, ரகளைதான் வந்தது. தட்டில் கங்கோங் கீரை விழுந்ததும் உர்ர்ரென்று உறுமல். இடுப்பை ஆட்டி ஆட்டி வட்டமடிப்பு. பல்லை நறநறவென்று கடிக்கும் சத்தம். ஒன்று மற்றதன் முதுகில் ஏறும். கீழே உள்ளது கீச்சென்று கத்திக்கொண்டு பெட்டிக்குள் ஓடும். துரத்திய வெள்ளை உருண்டை வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

அந்த வெள்ளை உருண்டை யார் என்று விமலாவின் கண்ணுக்குத் தெரியாமல் இல்லை. மனசுக்குத்தான் தெரியவில்லை. "வந்தவ வேலைதான் எல்லாம். எம் புள்ளைய இப்படிக் கெடுத்து வெச்சிருக்கா" என்று கோப்பியைக் கரித்துக் கொட்டினாள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டாள். ஒரு சாயங்காலம் மோட்டாரை நிறுத்தினாள், விசில் வரவில்லை. ஹாரன் அடித்துப் பார்த்தாள். அப்போதும் இல்லை. பதறிப்போய் உள்ளே ஓடினால், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, கண் சொக்கிக் கிடக்கின்றன. சீனி தலையைத் தூக்கி இவளைப் பார்த்தது, திரும்பக் கோப்பியின் முதுகில் வைத்துக்கொண்டது.

விமலாவுக்கு அடிவயிற்றிலிருந்து எரிந்தது. மகள் போனில் பேச்சுவாக்கில் தன் மாமியாரை "அம்மா" என்று சொன்ன அன்றைக்கு எரிந்த அதே எரிச்சல். உடனே பெட்ரீசியாவைக் கூப்பிட்டாள்.

"உன் கோப்பி சீனியக் கடிச்சே கொன்னுடும் போல. வந்து தூக்கிட்டுப் போ" என்றாள். விசிலைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்த கையோடு பெட்ரீசியா வந்தாள். தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, கீரையைப் போட்டுவிட்டுப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"அலமாக்! அக்கா, உறுமறது யாருன்னு நல்லா பாருங்க. சீனிதான் லா! கோப்பி பாவம், பயந்து ஓடுது."

"சீனியா? சும்மா இரு."

"இது சண்டை இல்லக்கா. யாரு பெரிய ஆளுன்னு பேசி முடிக்குதுங்க. ரத்தம் வந்தாத்தான் பிரிக்கணும். அதுவரைக்கும் கை வைக்கக் கூடாது. நீங்க ஒரே தட்டு வெச்சா பேச்சு எப்படி முடியும்? ரெண்டு தட்டு, ரெண்டு பெட்டி, பெட்டிக்கு ரெண்டு வாசல். ஒண்ணு வந்தா ஒண்ணு போக வழி வேணாமா?"

எல்லாம் நியாயமான பேச்சு. நியாயத்தால் வயிற்றெரிச்சல் அடங்குமா? "எனக்கு அதெல்லாம் தெரியாது. இது வந்ததுலேருந்து சீனி என் முகத்தையே பார்க்கறதில்ல" என்று கடைசியில் உண்மை வாய் தவறி விழுந்துவிட்டது.

பெட்ரீசியா எழுந்தாள். கோப்பியைக் கூடையில் வைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் சாயங்காலம் வாசலில் மோட்டார் நின்றதும், "வீக்! வீக்!" விமலாவுக்குத் தலைகால் புரியவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி, கொத்தமல்லியை நீட்டினாள். சீனி முகர்ந்துவிட்டு விலகியது. அவளைத் தாண்டிக் கதவுப் பக்கம் பார்த்து மறுபடி விசிலடித்தது. பிறகு கோப்பி படுத்திருந்த மூலைக்குப் போய் மூக்கை வைத்துக்கொண்டு கிடந்தது. காலையில் போட்ட கீரை அப்படியே வாடிக் கிடந்தது.

விசில் தனக்கு இல்லை. அது புரிந்த நொடியில் விமலாவுக்கு அழுகை வந்தது. "போடி, நன்றி கெட்டவளே" என்று திட்டினாள். வாடிய கீரையை இன்னொரு தடவை பார்த்தாள். இந்த ஜாதி சாப்பிடாமல் கிடந்தால் சீக்கிரமே போய்விடும் என்று தினேஸ்வரி சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது. மோட்டாரை எடுத்தாள்.

பத்து காஜா வீட்டில் கோப்பியை ஓர் அறையில் பூட்டி வைத்திருந்தார்கள். வெளியே ஒரு பூனை கதவைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. கூடையின் மூலையில் கோப்பி சுருண்டு கிடந்த கோலத்தைப் பார்த்து விமலாவுக்கே மனசு கேட்கவில்லை.

"நான்தான் அப்பவே சொன்னேன்லக்கா" என்றாள் பெட்ரீசியா.

"சொல்லிக் காட்டாத லா. தூக்கிக் குடு."

வீட்டுக்கு வந்ததும் ஆலம் கீலம் எதுவும் இல்லை. பெட்டிகள் இரண்டாகின. ஒவ்வொன்றிலும் கத்தியால் இன்னொரு வாசல் வெட்டினாள். தட்டு இரண்டு, புட்டி இரண்டு. கோப்பியை இறக்கிவிட்டதும் சீனி உர்ர்ரென்று இடுப்பை ஆட்டி ஒரு சுற்றுச் சுற்றியது. கோப்பி ஒரு வாசலில் புகுந்து மறு வாசலில் வந்தது. அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

விமலா தரையில் உட்கார்ந்து ஒரு கொத்தமல்லித் தண்டை நீட்டினாள். சீனி குடுகுடுவென்று ஓடிவந்து அவள் கையிலிருந்தே கவ்வியது. அவள் முகமெல்லாம் சிரிப்பு. தடவக் கை போவதற்குள், சீனி தண்டோடு கோப்பியிடம் ஓடிவிட்டது. கோப்பி மறுமுனையைப் பிடித்து இழுத்தது. சீனி விடவுமில்லை, உறுமவுமில்லை. தட்டு இரண்டும் நிறையக் கீரை இருக்க, இரண்டும் ஒரே தண்டை இரு முனையிலிருந்தும் மென்றுகொண்டிருந்தன.

விமலாவுக்கு வயிறு எரிந்தது. எரிந்துகொண்டே இன்னொரு தண்டை எடுத்து நீட்டினாள், இந்தத் தடவை கோப்பியின் பக்கமாக.