வாசலோடு நின்றுபோன சந்தனம்மாள் டீச்சர்

ஆம்புலன்ஸ் மார்க்கையன்கோட்டைத் தெருவுக்குள் திரும்பும்போதே வெயில் ஏறிவிட்டது. வீட்டுக்கு முன்னால் பந்தல் போட்டு, அதன் கீழே ஒரு பெஞ்சும் போட்டு வைத்திருந்தார்கள். பெஞ்சைக் கண்டதும் டீச்சரின் மகள் தேவயானி வண்டிக் கதவைத் தானே தள்ளித் திறந்தாள்.

"எதுக்கு மாமா பெஞ்சு? அம்மாவ உள்ள கொண்டு போகணும்" என்றாள் இறங்கியும் இறங்காமலும்.

பிச்சைமணி, சந்தனம்மாள் டீச்சரின் தம்பி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வெளியூர்ல உசுரு போச்சுன்னா ஒடம்ப வீட்டுக்குள்ள எடுக்குறதில்லத்தா. அப்பன் ஆத்தான்னாலும் வாசலோட சரி. நம்ம வழக்கம் அது."

"இது அம்மா கட்டுன வீடு மாமா!"

அதை அவள் சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்ன? அந்த வீடு எழும்பிய காலத்தில் விடியக் கருக்கலில் எழுந்து, சேலையைத் தூக்கிச் செருகி, பூச்சு காயாமல் சுவருக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் டீச்சர் சின்னமனூர் பஸ்ஸைப் பிடிப்பார். வரிசை கோணிப்போனால் கொத்தனாருக்கும் வகுப்புதான். "தம்பி, எங்க ஆறாம் வகுப்புப் பிள்ளைக இதைவிட நேரா கோடு போடும்" என்பார். அந்த மனுஷன் மறுபேச்சில்லாமல் செங்கல்லைப் பெயர்த்து மறுபடி வைப்பான்.

கல்யாணமாகிக் கொஞ்ச காலத்திலேயே டீச்சரின் புருஷனை வயலில் பாம்பு தீண்டிவிட்டது. தேவயானி அப்போது பால்குடி மறக்காத பிள்ளை. சின்ன வயசு, இன்னொரு கல்யாணம் பண்ணிக்கொள் என்று வந்தவர்களிடம் டீச்சர், "மொதல்ல பிள்ள படிக்கட்டும்" என்றார். பிள்ளை படித்து முடிப்பதற்குள் டீச்சருக்குத் தலை நரைத்துவிட்டது. ஆள் கெட்டிக்காரிதான்! மகள் தேனிக்கு டைப்ரைட்டிங் படிக்கப் போன காலத்தில், துணைக்குப் போய் பஸ் ஸ்டாண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்துவார். வாழைத்தார் ஏற்ற வந்தவர்கள்கூட டீச்சர் வேலை செய்கிறார் என்று குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள்.

பள்ளிக்கூடத்தில் டீச்சருக்குத் தமிழ்ப்பாடம். செய்யுளை முணுமுணுத்துப் படித்தால் பிடிக்காது. "எந்திரிச்சு நின்னு சொல்லு, அங்கன புளியமரத்துல இருக்குற காக்காய்க்குக் கேக்கணும்" என்பார். செத்தவரை நினைத்துப் புலம்பும் கையறுநிலைப் பாட்டு நடத்தும்போது அவருக்கே கண் நிறைந்துவிடும். கண்ணைத் துடைத்த கையோடு, பராக்குப் பார்த்தவளை எழுப்பிக் கேள்வி கேட்பார். வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று ஒப்புக்கொண்டவளுக்கு மன்னிப்பு உண்டு. நோட்டை வீட்டில் மறந்து வைத்துவிட்டேன் என்று கதைவிட்டவள் செத்தாள். "முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிறியாடி?" என்று பெஞ்சு மேல் ஏற்றிவிடுவார். பெற்ற மகளையும் ஒருதரம் அப்படி ஏற்றினார்.

டீச்சர் ஓய்வு பெற்றதும் மகளுக்குப் பிள்ளை பிறந்தது. கோயம்புத்தூரில் பேங்க் வேலை தேவயானிக்கு. கணவனுக்குத் துபாயில் வேலை. யாரும் கூப்பிடாமலே டீச்சர் கிளம்பிப் போனார். பேத்தி திரிஷாவைக் குளிப்பாட்டி, பள்ளிக்கூடத்தில் விட்டு, கூட்டிவந்து, கதை சொல்லித் தூங்கவைத்து, எல்லாம் அவர்தான்.

எப்போதாவது, "ஊருக்கு ஒரு எட்டுப் போயிட்டு வரட்டுமா?" என்று கேட்பார். தேவயானிக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. "பிள்ளைக்குப் பரீட்சைம்மா" என்பாள். அந்தச் சொல்லைக் கேட்டால் டீச்சர் ஊர்ப்பேச்சை விட்டுவிடுவார். மாதாந்தரப் பரீட்சை, அரையாண்டு, முழுப் பரீட்சை என்று வருஷங்கள் ஓடிவிட்டன.

இந்தச் சித்திரையில் டீச்சர் கொஞ்சம் அழுத்தியே கேட்டார். "வீரபாண்டிக் கோயில் திருவிழா வருது. ஆத்தா முகத்தப் பாத்து எம்புட்டு நாளாச்சு. என்னையக் கொண்டுபோய் விட்டுரு தாயி." லீவில் பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்ற பயம் தேவயானிக்கு. "மாசக் கடைசியில கம்ப்யூட்டர்ல ஒரு பரீட்சை இருக்கும்மா" என்றாள். வாய் கூசாமல் சொன்னாள். திரிஷாவோ காலையிலிருந்து படுக்கையில் புரண்டுகொண்டு பொம்மைப்படம் பார்த்துக்கொண்டிருந்தது. டீச்சர் பேத்தியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், "சரித்தா" என்று அரிசி களையப் போய்விட்டார்.

திருவிழா முடிந்த வாரம், குளிக்கப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் அன்று மாலையே எல்லாம் முடிந்துவிட்டது. ராத்திரி முழுக்க ஆம்புலன்ஸில் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து வந்த தேவயானிக்கு ஒரே ஒரு நினைப்புதான். உயிரோடு இருக்கும்போது கூட்டிப் போகவில்லை. செத்த பிறகாவது அம்மாவை அவர் வீட்டு நடுக்கூடத்தில் கிடத்திவிட வேண்டும்.

இப்போது அதற்கும் வழியில்லை. "உள்ள கொண்டு போங்க மாமா, ஒங்க கால்ல விழுறேன்" என்று தெருவிலேயே மண்டியிட்டாள்.

டீச்சரிடம் படித்த முனீஸ்வரி, இப்போது அதே தெருவில் தையல் கடை வைத்திருப்பவள், ஓடிவந்து அவளைத் தூக்கினாள். "அழுகாதக்கா. நீ என்ன செய்வ? திருவிழாவுக்கு வாங்க டீச்சர்னு நானே போன் போட்டேன். 'எம் மக போம்மா போம்மான்னு உசுர எடுக்கா, நான்தான் பேத்தி பரீட்சைய விட்டுட்டு வரமாட்டேன்னு இருக்கேன்'னு சொன்னாக. லீவுல என்ன டீச்சர் பரீட்சைன்னேன். 'கோயம்புத்தூர்ல அப்பிடித்தாண்டி'ன்னாக."

தேவயானி முனீஸ்வரியின் கையை விலக்கினாள். கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா இப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாரா? "மாமா, பரீட்சையே..." என்று ஆரம்பித்தாள்.

பிச்சைமணி அவள் கையை இறுகப் பிடித்துப் பந்தல் ஓரத்துக்கு இழுத்தார். குரலை அடக்கிக்கொண்டு சொன்னார்: "லீவுல பரீட்சை இல்லேன்னு எனக்குந் தெரியும்த்தா. எங்கிட்டயும் அதத்தான் சொல்லுச்சு. எங்கக்கா பொய் சொல்லி நான் கேட்டதே இல்ல. ஊரு ஒன்னையப் பழிச்சிரக் கூடாதுன்னு ஆயுசுக்கும் சொல்லாத பொய்யச் சொல்லிட்டுப் போயிருக்கு. அதப் போயி நடுத்தெருவுல போட்டு ஒடைக்காத. வாய மூடிக்கிட்டு அழு."

அதன்பிறகு வீட்டுக்குள் கொண்டுபோகச் சொல்லி வாதாட அவளுக்குத் தெம்பில்லை. நாலு பேர் டீச்சரை இறக்கி, அவர் கட்டிய வீட்டுக்கு வெளியே, பெஞ்சில் கிடத்தினார்கள்.

டீச்சரிடம் படித்த பிள்ளைகள் சின்னமனூரிலிருந்தும் தேனியிலிருந்தும் மாலையோடு வந்தபடி இருந்தார்கள். ஒவ்வொருத்தியும் தேவயானியைக் கட்டிக்கொண்டு, "நீங்க அம்புட்டுக் கூப்பிட்டும், பேத்தி பரீட்சைக்காக வராம இருந்துட்டாகளே டீச்சர்" என்று அழுதாள். தேவயானி அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், ஒவ்வொருத்திக்கும் ஆமாம் என்று தலையாட்டினாள்.