திருநாவுக்கரசு சார் நெஞ்சு வலியால் சாகவில்லை

நாட்டரசன்கோட்டையில் உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்து. பந்தியில் உட்கார்ந்திருந்தபோது கைப்பேசி அடித்தது. திருநாவுக்கரசு சாரின் மைத்துனர் பேசினார். "சார், அத்தானுக்குக் கரண்டு அடிச்சிருச்சு. ஆசுபத்திரிக்குக் கொண்டாந்தோம். உசுரு இல்லைன்டு சொல்லிட்டாக." எந்த அத்தான் என்று கேட்டேன். தெரிந்துகொண்டேதான் கேட்டேன். மறுமுனையில் அழுகை மட்டும் வந்தது. இலையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன்.

கண்டனூரில் அவர் வீட்டு வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். உடல் இன்னும் பிரேதப் பரிசோதனையில் இருந்தது. வந்தவர்களிடம் அவருடைய பெரியப்பா "நெஞ்சு வலி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைத் தனியே அழைத்து, "படிச்ச வாத்தியாரு, கரண்டுல கைய வச்சுட்டான்டா ஊரு என்ன பேசும்?" என்றார். அது உள்ளே கேட்டிருக்க வேண்டும். சாரின் மனைவி செல்வி வெளியே வந்தார். "நெஞ்சு வலி இல்லை. கரண்டு அடிச்சுத்தான் போனாக. கேக்குறவுககிட்ட அப்படியே சொல்லுங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க எது எழுதுனாலும் அப்படியே எழுதுங்க சார்" என்றார். அதனால் அப்படியே எழுதுகிறேன்.

திருநாவுக்கரசு சார் எங்கள் பள்ளியில் வேதியியல் ஆசிரியர், நான் கணக்கு. வார நாட்களில் அவரைப் பார்த்தவர்களுக்கு அவர் பாதிதான் தெரியும். மீதி, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நின்ற பழைய டீசல் காருக்கு அடியில் கிடந்தது. என்ஜினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று, அதே என்ஜினுக்குள் கூடுதலாகக் காற்றைத் தள்ளுகிற கருவி டர்போ. புகை நுழைகிற வார்ப்பிரும்புக் கூட்டின் உள்வழியை அராவி அகலப்படுத்தினால் வண்டி இன்னும் துடிப்பாக ஓடும் என்பார். அதற்காகத் தன் விடுமுறை நாட்களையெல்லாம் கொடுத்தார்.

முதல் கூட்டை அவர் கெடுத்துவிட்டார். அழுத்தம் மிஞ்சும்போது புகையைத் திருப்பிவிட அதில் ஒரு துளையும், அதை மூடச் சிறு மூடியும் உண்டு. துளையை அகட்டிக்கொண்டே போனதில் மூடி உட்கார விளிம்பே இல்லாமல் போயிற்று. புகை ஒழுகி, வண்டி இழுவையே இல்லாமல் ஊர்ந்தது. அந்தக் கூட்டை ஆசிரியர் அறைக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, "எடுத்த இரும்பைத் திருப்பி ஒட்ட முடியாது சார். வடிகட்டுன முட்டாளு வேலை பாத்திருக்கேன்" என்றார். தமிழாசிரியர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. அதன்பின், இணைப்பில் வைக்கும் கேஸ்கட் தகட்டை அளவுக்கு வைத்துக் கோடு கிழிக்காமல் அவர் அரத்தைத் தொட்டதில்லை.

தன்னிடம் காட்டிய கடுமையை அவர் பிறரிடமும் காட்டினார். தேவகோட்டையிலிருந்து ஒரு வாடகைக் கார்க்காரர் வந்திருந்தார். கூட்டைத் தனியே கழற்றாமல், உள்ளே துணியை அடைத்துவிட்டு வீட்டிலேயே அராவியிருக்கிறார். இரும்புத் துகள் டர்போவின் சுழல்தண்டுக்குள் இறங்கி, அது இறுகி, நடுரோட்டில் வெண்புகை கக்கி நின்றிருக்கிறது. வண்டியில் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி இருந்தாளாம். அதைக் கேட்டதும் இவர் எழுந்து நின்றார். "உள்ள சக்கரம் சுத்துற வேகம் தெரியுமாய்யா உனக்கு? தூசி ஒண்ணு போதும். ஆளக் கொன்னுருப்ப!" வந்தவர் கண்கலங்கி நின்றார். நான் இடையில் புகுந்து தண்ணீர் கொடுத்தேன்.

கூட்டுக்குள் தூசி தங்காமல் பார்த்துக்கொண்டார். பெட்ரோலில் அலசி, காற்றடித்து, வெள்ளைத் துணியால் துடைத்து, துணியில் கறுப்பு ஒட்டாத வரைக்கும் விடமாட்டார். அராவுவதற்குக் கையில் பிடித்த மின்சாரக் கிரைண்டரை ஒருநாளும் அப்படித் துடைத்ததில்லை. உலோக உடம்புள்ள பழைய கருவி அது. ஆண்டுக்கணக்கில் அராவிய இரும்புத் தூள் அதன் காற்றுத் துளைகள் வழியாக உள்ளே போய் அப்பியிருந்தது.

இது பின்னால் தெரிந்தது. காரியம் முடிந்த மறுநாள், செல்வி கேட்டுக்கொண்டதால், எலக்ட்ரீசியன் ஒருவரை அழைத்துப் போனேன். அவர் கிரைண்டரைப் பிரித்துத் தரையில் தட்டினார். கருந்தூள் குவிந்தது. "இந்தத் தூளு வழியாத்தான் கரண்டு மெசினு உடம்புக்கு ஏறியிருக்கு. அப்பவும் எர்த்து இருந்திருந்தா பியூஸு போயிருக்கும். எர்த்து வயரே இல்லைங்க" என்று பிளக்கைக் காட்டினார். மூன்று முள் பிளக்கை எடுத்துவிட்டு எப்போதோ இரண்டு முள் பிளக் மாட்டியிருந்தார்கள். விபத்துக்கு முந்தின நாள் மழையில் கொட்டகைத் தரை ஈரம். சார் வெறுங்காலுடன் நின்று அராவிக்கொண்டிருந்தார்.

செல்வி அதுவரை தூணில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "அதுக்கு முந்தின வாரம் எடுத்து வைக்கையில எனக்கே சுர்ருன்டுச்சு. சொன்னேன். இந்தக் கூட்டை முடிச்சுட்டுப் புதுசு வாங்கிக்கலாம்டாக. அவுகளுக்குத் தெரியாததா சார் இது?"

அவர் மின்வேதியியல் நடத்துவதைப் பின்பெஞ்சில் உட்கார்ந்து நானே கேட்டிருக்கிறேன். வீட்டில் இந்த வேலையைச் செய்கிறவர்கள் இதைப் படித்தால், அராவும் முன் கையிலிருக்கும் கருவியைப் பாருங்கள். காலுக்குக் கீழே தரையைப் பாருங்கள். வீட்டில் யாராவது 'சுர்ருன்டுச்சு' என்று சொன்னால் அன்றைக்கே நிறுத்துங்கள்.

கிளம்பும்போது செல்வி கேட்டார். "அவுக நெனப்பா ஏதாச்சும் எடுத்துக்கிடுங்க சார். சாமானெல்லாம் கெடக்கு." வேண்டாம் என்றேன். எனக்கு ஒரு நாளின் நினைவு போதும். கூடு முதன்முதலாகச் சரியாக அமைந்த அன்று என்னை ஏற்றிக்கொண்டு கோவிலூர்ச் சாலையில் காரை வேகமாக ஓட்டினார். கண்ணாடியை இறக்கச் சொன்னார். டர்போவின் மெல்லிய சீழ்க்கை காதில் ஏற ஏற, அந்தக் கடுகடுத்த மனிதர் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டி, பல் தெரிய, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் வைத்திருக்கிறேன். செல்விக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து அதைச் சொன்னேன்.

செல்வி காரின் பக்கம் திரும்பினார்.

"அப்படிச் சிரிப்பாகளா?" என்றார். "நான் பாத்ததே இல்லையே சார்."