ஆறு வெட்டுப்பலகைகளுக்காக ஒரு சனிக்கிழமை

இந்த முறை நான் ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. நானே எழுதிய ஒன்று சரிதானா என்று பார்க்கப் போனேன்.

கிழக்கு லண்டனில், வான்ஸ்டெட் பக்கம் ஒரு பள்ளிக்கூட முற்றத்தில் சனிக்கிழமைதோறும் கைவினைச் சந்தை கூடுகிறது. பாலாடைக்கட்டி, ஜாம், மண்பாண்டம், மரச்சாமான் என்று எல்லாம் இந்த நாட்டிலேயே சின்னச் சின்னப் பட்டறைகளில் செய்தவை என்பது அவர்கள் விளம்பரம். வசந்த காலத்தில் இதே தளத்தில் அதைப் பற்றி எழுதினேன். பெரிய கடைகளுக்குக் கொடுக்கும் காசை இவர்களுக்குக் கொடுங்கள் என்று கொஞ்சம் சத்தமாகவே எழுதினேன். அதோடு நிற்காமல் ஒரு மரப்பலகைக் கடையைத் தனியாக வேறு புகழ்ந்து வைத்தேன்.

அதைப் படித்துவிட்டுப் பவானி அக்கா அங்கே போய் ஆறு வெட்டுப்பலகைகள் வாங்கியிருக்கிறார். கிங்ஸ்பரியில் இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர். வாசகியாக அறிமுகமாகி, ஃபோனில் பேசும் அளவுக்குப் பழகியவர். மகளின் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாருக்குக் கொடுப்பதற்காக வாங்கினார். ஒன்று முப்பத்தெட்டு பவுண்டு. ஒன்றைக் கழுவும்போது அடியிலிருந்த ரப்பர் கால் கழன்று விழ, அதன் கீழே வேறொரு நாட்டுத் தொழிற்சாலையின் முத்திரை இருந்தது.

“பிள்ளை, நீர் எழுதினதை நம்பித்தானே வாங்கினனான்,” என்றார் ஃபோனில். “இதை நான் என்னெண்டு சம்பந்தி வீட்டுக்குக் குடுக்கிறது?”

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. வருகிற சனிக்கிழமை நானும் உங்களோடு வருகிறேன் என்றேன்.

காலை 9.30க்கு பாண்ட் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் சந்திப்பதாக ஏற்பாடு. நான் ஹவுன்ஸ்லோவிலிருந்து 8.10க்கே கிளம்பிவிட்டேன். ஆனால் எங்கள் பக்கம் வார இறுதிப் பராமரிப்பு வேலை என்று ரயிலை நிறுத்தியிருந்தார்கள். அதற்குப் பதிலாக விட்ட பேருந்து ஒவ்வொரு சிக்னலிலும் நின்று யோசித்துவிட்டுத்தான் புறப்பட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது மணி 10.20. சனிக்கிழமைகளில் லண்டனைக் குறுக்கே கடக்க நினைப்பவர்கள் முந்தின நாளே ரயில் உண்டா என்று பார்த்துவிடுங்கள். பிறருக்கு இதைப் பலமுறை எழுதியிருக்கிறேன், நான்தான் பார்க்கவில்லை.

“ஐம்பது நிமிஷமா நிக்கிறன்,” என்றார் அக்கா. அவர் தோளில் தொங்கிய துணிப்பைக்குள் ஆறு பலகைகளும் இருந்தன. நான் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன், தரவில்லை.

பாண்ட் ஸ்ட்ரீட்டிலிருந்து எலிசபெத் லைனில் மனோர் பார்க் வரை ஏறக்குறைய அரை மணி நேரம். அங்கிருந்து வான்ஸ்டெட்டுக்குப் பேருந்து, 1.75 பவுண்டு. சந்தைக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. பத்திலிருந்து மூன்று மணி வரை.

பலகைக் கடைக்காரர் அதே தொப்பியும் தோல் ஏப்ரனுமாக நின்றார். தலைக்கு மேலே ‘ஆங்கிலேயப் பட்டறையில் கையால் நிறைவு செய்யப்பட்டது’ என்ற அட்டை. ‘நிறைவு’ என்ற சொல்லை வசந்த காலத்தில் நான் கவனிக்கவே இல்லை. அக்கா பலகையைக் கவிழ்த்து வைத்து முத்திரையைக் காட்டினார்.

கடைக்காரர் கொஞ்சமும் அசரவில்லை. “பலகை வெளியே இருந்து வருது. இங்கே நாங்க கையால எண்ணெய் பூசறோம். அட்டையில அதைத்தானே போட்டிருக்கோம்?”

“நானும்தான் தினமும் தோசைக்கல்லுக்குக் கையால எண்ணெய் தேய்க்கிறேன். அதுக்காகத் தோசைக்கல்லை நான் செஞ்சேன்னு சொல்லலாமா?” என்றேன். தோசைக்கல் என்றால் என்னவென்று அவருக்கு நான் விளக்க வேண்டியதாயிற்று. கோபத்தில் இருக்கும்போது விளக்கம் சொல்வதைப் போல எரிச்சலான வேலை வேறில்லை.

சுற்றிலும் நாலு பேர் கூடியதும் அவர் ஆறு பலகைகளையும் வாங்கிக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அட்டையை மட்டும் கழற்றவில்லை.

நான் நேரே சந்தை நடத்தும் அம்மாளிடம் போனேன். கடைக்காரர்கள் தாங்களே உறுதிமொழி எழுதித் தருகிறார்கள் என்றார் அவர். யாராவது பட்டறைக்குப் போய்ப் பார்த்ததுண்டா என்று கேட்டேன். “நாங்க நம்பிக்கையின் பேரில் நடத்தறோம்,” என்று புன்னகைத்தார். நான் அக்காவிடம் திரும்பி வந்தேன்.

எங்கள் சண்டையைப் பலகைக் கடைக்குப் பக்கத்தில் ஆட்டுப்பால் சீஸ் விற்றுக்கொண்டிருந்த பெண் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தாழ்ந்த குரலில் ஒன்று சொன்னார். நிஜமாகவே பலகை செய்யும் டெபி என்ற பெண் இந்தச் சந்தையில் இரண்டு முறை இடம் கேட்டிருக்கிறாராம். ஏற்கெனவே ஒரு பலகைக் கடை இருக்கிறது என்று இரண்டு முறையும் மறுத்துவிட்டார்களாம். அவருடைய பட்டறை ரயில் பாலத்துக்கு அடியில் இருக்கும் வளைவு அறை ஒன்றில் இருக்கிறது. சனிக்கிழமை மட்டும் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை திறந்திருக்கும். ஃபோன் பண்ணினால் எடுக்க மாட்டார்.

எடுக்கவில்லைதான். மூன்று முறை முயன்றேன். பேருந்தில் மனோர் பார்க் திரும்பி, அங்கிருந்து மழையில் இருபத்தைந்து நிமிடம் நடந்தோம். பட்டறைக்குப் பெயர்ப்பலகை இல்லை. ஒரு கார் பழுதுபார்க்கும் கடையைத் தாண்டி, இரண்டு முறை வழி தவறி, 1.25க்குக் கண்டுபிடித்தோம். இவ்வளவு ஒளிந்துகொண்டு எப்படி வியாபாரம் செய்கிறார்கள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

டெபிக்கு ஐம்பது வயதிருக்கும். கவுன்சில் வெட்டிப்போடும் தெருமரங்களை வாங்கி, அறுத்து, இரண்டு வருடம் காயவைத்துப் பலகை செய்கிறார். எந்த மரம் எந்தத் தெருவில் நின்றது என்று சொல்கிறார். அக்கா ஆறு பலகை, எல்லாம் ஒரே அளவில் வேண்டும் என்றார்.

“நாலுதான் இருக்கு. நாலும் நாலு அளவு.”

“மூன்று வாரத்துக்குள்ள ரெண்டு செய்ய ஏலாதோ?” என்றார் அக்கா. அதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

“செய்யலாம். ஆனா மரம் இன்னும் ஈரமா இருக்கு. உங்க சம்பந்தி வீட்டுல போய் வளைஞ்சுக்கும். அதை நான் விற்க மாட்டேன்.”

அக்கா என் பக்கம் திரும்பினார். “அங்கை ஒருத்தன் பொய்யைச் சொல்லி விக்கிறான். இங்கை இவ உண்மையைச் சொல்லி விக்கமாட்டன் எண்டுறா. நான் எங்கை போறது?”

ஆனாலும் நாலு பலகைகளையும் தடவித் தடவிப் பார்த்தார். ஒன்றில் நீளமாக ஒரு வெடிப்பு. அது மேலும் விரியாமல் இருக்க, வண்ணத்துப்பூச்சி வடிவில் வேறு மரத்துண்டு ஒன்றைக் குறுக்கே பதித்திருந்தார் டெபி. அக்கா அதை மட்டும் திரும்பத் திரும்பக் கையில் எடுத்தார். கடைசியில் நாலையும் வாங்கினார், ஒன்று நாற்பத்தைந்து பவுண்டு. கார்டு வாங்கும் இயந்திரம் இல்லை. பணம் எடுக்க மறுபடி மழையில் பத்து நிமிடம் நடந்தேன்.

திரும்பி வந்ததும், இந்தப் பட்டறையைப் பற்றி என் தளத்தில் எழுதப்போகிறேன் என்று டெபியிடம் உற்சாகமாகச் சொன்னேன்.

“தயவுசெஞ்சு எழுதாதீங்க,” என்றார். “நீங்க எழுதினா அடுத்த சனிக்கிழமை முப்பது பேர் வருவாங்க. நாலு பலகைதான் வச்சிருக்கேன். இல்லைன்னு சொல்லியே என் நாள் போயிடும். அப்புறம் நானும் எங்கேயாவது வாங்கி எண்ணெய் பூச வேண்டியதுதான்.”

நான் வாதாடினேன். சின்னத் தயாரிப்பாளர்களை நாலு பேருக்குத் தெரியப்படுத்துவதுதானே நல்லது என்றேன். அக்கா ஆங்கிலம் பேசத் தயங்குவாரே தவிர, பிள்ளைகளிடம் கேட்டுப் பழகியவர் என்பதால் நான் பேசியதை முழுக்கப் புரிந்துகொண்டார்.

“அவ சொல்லுறது சரிதானே,” என்றார் மெதுவாக. “நீர் அண்டைக்கு அவசரப்பட்டு எழுதினீர். போய்ப் பாக்கேல்லை, ஒண்டும் கேக்கேல்லை. வடிவா இருந்திச்சு, எழுதிப்போட்டீர்.”

அந்தக் கடையில் நான் நின்றது பத்து நிமிடம். அதில் ஏழு நிமிடம் படம் எடுத்தேன்.

மாலை 4.40க்கு வீடு திரும்பியதும் பழைய கட்டுரையில் அந்தக் கடையைப் பற்றிய பத்தியை நீக்கி, ஏன் நீக்கினேன் என்று அதே இடத்தில் எழுதினேன். சந்தைக்கும், அக்கா எடுத்து வைத்திருந்த முத்திரையின் படத்தோடு, டெபிக்கு ஏன் இடம் மறுத்தீர்கள் என்று கேட்டுக் கடிதம் அனுப்பினேன். பத்து நாள் கழித்து, டெபிக்கு ஓர் இடம் ஒதுக்குவதாகப் பதில் வந்தது. அடுத்த சனிக்கிழமை அதைச் சொல்ல டெபியின் பட்டறைக்குத் திரும்பப் போனேன். இடம் கேட்டது அப்போது, இப்போது சனிக்கிழமை தனக்குப் பட்டறையில் வேலை இருப்பதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார். அந்த மனுஷியை என்ன செய்வது?

எனவே முகவரி கேட்டு எழுதாதீர்கள், தரமாட்டேன். அவர் பெயரையும் பட்டறைக்குப் போகும் வழியையும்கூட மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். உங்கள் பக்கத்திலேயே இப்படி யாராவது இருப்பார்கள், தேடுங்கள். கண்டுபிடித்தால் இது எங்கே செய்தது என்று மட்டும் கேட்டு நிற்காதீர்கள். அதற்கு எல்லோரிடமும் பதில் தயாராக இருக்கிறது. என்ன மரம், எப்போது வெட்டியது, உடைந்தால் நீங்களே சரிசெய்து தருவீர்களா என்று கேளுங்கள். செய்தவருக்குப் பதில் சொல்லி மாளாது. ‘நிறைவு’, ‘வடிவமைப்பு’ என்ற சொற்களைக் கண்டால் அடியைத் திருப்பிப் பாருங்கள். பணத்தாளாகக் கொண்டுபோங்கள். விசேஷத்துக்கு வேண்டுமென்றால் ஒரு வருடம் முன்பே சொல்லுங்கள்.

கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். சம்பந்தி வீட்டு ஆறு பேரில் மூன்று பேருக்குப் பலகை கொடுத்த அக்கா, மீதி மூன்று பேருக்குப் புடவை கொடுத்தார். வெடித்த பலகையைத் தரமாட்டேன் என்று மகள் எடுத்து வைத்துக்கொண்டாளாம். சம்பந்தி அம்மாள் தன் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டார்.

“கடையில்லை,” என்றார் பவானி அக்கா. “ஒரு மனுசி செய்தவ. நான் போய்ப் பாத்தனான்.”