பத்மராணியின் நெற்றி

கார்ச் சாவியை ஒளித்துவிட்டால் பத்மராணி வீட்டோடு இருந்துவிடுவாள் என்று நம்பினார் ஞானேஸ்வரன். இருபது வருடம் அவளோடு குடித்தனம் நடத்திய மனிதர் நம்பக்கூடிய விஷயமா அது?

நியூயார்க்கில் கோபுரங்கள் சரிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் வாசலுக்கு வாசல் அமெரிக்கக் கொடி பறந்தது. முந்தின நாள்தான் பெட்ரோல் நிலையத்தில் தலைப்பாகைக்காரர் ஒருவரை அடித்துப் போட்டிருந்தார்கள்.

"திறப்பை நீங்களே வைச்சிருங்கோ. நான் நடந்து போறன்." 'போர் வேண்டாம்' என்று எழுதிய அட்டையை அவள் எடுத்துக்கொண்டாள்.

"சொன்னாக் கேளும் ராணி. போறதெண்டாப் போம். அந்தப் பொட்டை மட்டும் அழிச்சுப்போட்டுப் போம்."

மாடிப்படியில் நின்ற மகள் துவாரகா அழுதேவிட்டாள். "அம்மா, ப்ளீஸ்! ஜஸ்ட் திஸ் வீக்!"

பத்மராணி கணவரைப் பார்த்தாள். அவர் தலை தானாகக் குனிந்தது.

எண்பத்து மூன்று ஜூலை. கொழும்பு பற்றி எரிந்தது. தமிழரைத் தேடி ஒரு கும்பல் பஸ்ஸை மறித்தபோது, ஞானேஸ்வரன் கைக்குட்டையை எச்சிலில் நனைத்து மனைவியின் பொட்டைத் துடைத்தார். அவள் தப்பினாள். பின் இருக்கையில் இருந்த பெண்ணுக்குத் துடைத்துவிட ஒருவரும் இல்லை. ஐயோ, அந்த அலறல்!

அந்த அலறல்தான் பத்மராணியைத் தெருவில் கொண்டுவந்து நிறுத்தியது. ஜெர்சிக்கு வந்த புதிதில், ஒரு நிறவெறிக் கும்பல் பொட்டு வைத்த பெண்களைத் தேடித் தேடி அடித்த நாட்களில், நெற்றி நிறையக் குங்குமத்தோடு ஊர்வலத்தின் முன்வரிசையில் நடந்தாள். வளைகுடாப் போர் தொடங்கியதும் சனிக்கிழமைதோறும் தபாலகத்தின் முன் அட்டை பிடித்து நின்றவர்களோடு சேர்ந்தாள். போர் முடிந்தது, அவளுடைய சனிக்கிழமைகள் முடியவில்லை. சாலையில் போலீஸ் வழிமறித்துச் சோதித்த கறுப்பின இளைஞர்களுக்காக ட்ரென்டன் வரை போய்க் கொட்டும் பனியில் நின்றாள்.

கலியாண வீடுகளில் அவள் பெயர் 'ரோட்டில நிக்கிற ஆன்ட்டி'.

"ஓம், நீங்களும் வாங்கோவன். காலுக்கு நல்லது!" என்று சிரிப்பாள்.

தபாலகத்தின் முன் நிற்பவர்களுக்கு ஒரே ஒரு விதிதான். யார் என்ன சொன்னாலும் பதில் பேசக்கூடாது.

அந்தச் சனிக்கிழமை அவள் பொட்டோடு நடந்து வந்தபோது அங்கே வேறு ஒருவரும் இல்லை. எல்லாருக்குமாக அவள் போட்டுக்கொண்டு வந்த தேநீர் பிளாஸ்கில் அப்படியே கிடந்தது. தனியாக நின்றாள். கொஞ்சத் தூரத்தில், கொடி கட்டிய காரை நிறுத்திவிட்டு ஞானேஸ்வரன் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

ஒரு பிக்கப் வண்டி வேகம் குறைத்தது. "கோ ஹோம்!" சிவப்புக் குளிர்பானம் நிறைந்த காகிதக் கோப்பை பறந்து வந்து அவள் முகத்தில் பட்டுத் தெறித்தது.

"டேய்! நில்லடா!" காரிலிருந்து பாய்ந்து ஓடி வந்தார் ஞானேஸ்வரன். வண்டி போய்விட்டது.

"சத்தம் போடாதேங்கோ," என்றாள் பத்மராணி மெல்ல. "இங்க நிக்கிறவை கதைக்கக்கூடாது."

அவர் கைக்குட்டையை எடுத்தார். அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

கன்னத்தைத் துடைத்தார். புருவத்தைத் துடைத்தார். முடியில் ஒட்டிய பனிக்கட்டித் துண்டை எடுத்தார். பாதி கரைந்து நின்ற குங்குமத்தின் அருகே வந்ததும் அவர் கை நின்றது. அதைச் சுற்றி மட்டும் துடைத்துவிட்டு, கைக்குட்டையைப் பைக்குள் வைத்தார்.

பிறகு, வாய் திறக்காமல், அட்டையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

தெருமுனையில் இன்னொரு வண்டி வேகம் குறைத்தது.