வெள்ளிக்கிழமை லொறி

மச்சாளை நினைத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு நூல் சேலையும், அதற்குக் கீழே முழங்கால் வரை ஏறிய கறுப்பு ரப்பர் சப்பாத்தும்தான். மெல்பேர்னுக்கு வெளியே வெரிபீயில் குளிர்காலக் காலையில் புல்லெல்லாம் வெள்ளையாகப் பனி படிந்து கிடக்கும். அவர் சேலையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு கையில் வாளியும் மறு கையில் பால் போத்தலுமாக ஆடுகளிடம் போவார். அந்தக் கோலத்தில் அவரைப் பார்த்து நான் சிரிக்காத நாளில்லை. அவரும் அதைக் கவனித்த நாளில்லை.

மச்சாள் என் அண்ணாவின் மனைவி. எழுபதுகளின் நடுவில் மெல்பேர்ன் ஆஸ்பத்திரி ஒன்றில் எனக்குத் தாதி வேலை கிடைத்தபோது, அவர்கள் வீட்டுப் பின்னறையில்தான் வந்து குடியேறினேன். அண்ணாவுக்கு நகரத்துக் கந்தோர் ஒன்றில் எழுத்து வேலை. ஆனாலும் யாழ்ப்பாணத்து ஆள் அல்லவா, காணி வாங்காமல் கை சும்மா இருக்குமா? ஐந்து ஏக்கர் வாங்கி, மிளகாயும் வெங்காயமும் போட்டு மெல்பேர்ன் முழுவதுக்கும் விற்கப்போவதாக எனக்கு ஊருக்குக் கடிதம் எழுதியவர் அவர். முதற் பனியிலேயே மிளகாய்க் கன்றெல்லாம் அவித்துப் போட்டதுபோல் சரிந்துவிட்டது. பிறகு அந்தக் காணியில் வளர்ந்ததெல்லாம் புல்தான், அதுவும் இடுப்பளவு. அடுத்த தோட்டத்தில் முட்டைக்கோவா பயிரிட்ட இத்தாலிய அம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, இதற்கு ஆடு விடுங்கள் என்றார். மச்சாள் அன்றைக்கே அவருடன் போய் ஒரு சிறு மந்தையைப் பிடித்து வந்துவிட்டார். கலப்பினச் செம்மறிகள். ஓரினத்துக்குக் கம்பளி நல்லது, மற்ற இனத்துக்குப் பால் நல்லது, இரண்டும் கலந்த தாயாடு இரட்டைக் குட்டி போட்டு இரண்டையும் வளர்த்தெடுக்கும் என்று அந்த அம்மா கையாலும் கண்ணாலும் விளக்கினாராம். கிடாயும் அவரிடம்தான் இரவல்.

அண்ணாவுக்கு அது புல் வெட்டும் யந்திரம். மச்சாளுக்கு அப்படியில்லை. ஊரில் அவர் பள்ளிக்கூட ரீச்சர், மாதச் சம்பளம் எடுத்தவர். இங்கே அந்தச் சான்றிதழ் செல்லாது என்றுவிட்டார்கள். தபால் முத்திரை வாங்கவும் பஸ்ஸுக்கும் அண்ணாவிடம் காசு கேட்க வேண்டும். அண்ணா ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லை. "தாறார்தான். கேக்க வேண்டிக் கிடக்கே, அதுதான் ஒரு மாதிரி" என்று குசினியில் ஒருமுறை என்னிடம் சொன்னார். எனக்கு அன்று மனம் மிகவும் கஷ்டப்பட்டது. அண்ணாவுக்கோ தினமும் ரயிலில் போய்வந்து அலுத்துவிட்டது. காணியை விற்றுவிட்டு நகரத்துக்குப் போவோம் என்று நச்சரித்தார். கடைசியில் இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். இந்த வருடக் குட்டிகள் நல்ல விலைக்குப் போனால் இருப்பது, அந்தப் பணம் மச்சாளுக்கு. போகாவிட்டால் காணியும் ஆடும் விற்பனைக்கு.

குட்டிகள் இரட்டை இரட்டையாக வந்தன. தாய் ஒதுக்கியவை குசினி அடுப்படியில் எங்கள் காலுக்குள் வளர்ந்தன. தாயாடுகளுக்கெல்லாம் மச்சாள் தன்னோடு படிப்பித்த ரீச்சர்மாரின் பெயர்களை வைத்தார். எல்லாவற்றையும் முட்டித் தள்ளிய ஒன்று தலைமையாசிரியை. குட்டிகளுக்கு மட்டும் பெயரில்லை. விற்கப் போவதற்குப் பெயர் வைக்கக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பு.

வசந்தம் முடிந்து புல் மஞ்சளாகத் தொடங்கியபோது ஆட்டுத் தரகர் அண்ணாவைத் தொலைபேசியில் அழைத்தார். குட்டிகளைச் சந்தைக்கு ஏற்றும் லொறி வெள்ளிக்கிழமை காலையில் வரும், அதை விட்டால் இப்போதைக்கு வேறு லொறி இல்லை, குட்டிகள் மெலிந்துவிடும் என்றார். மச்சாள் அசையவில்லை.

"வெள்ளிக்கிழமை வீட்டுச் சீதேவியை வெளியால அனுப்பேலாது."

"இஞ்சாரும், அது சீதேவி இல்லை, ஆட்டுக்குட்டி" என்றார் அண்ணா.

பலனில்லை. மச்சாள் இத்தாலிய அம்மாவிடம் போனார். அவர் வீட்டிலும் வெள்ளிக்கிழமை எந்தக் காரியமும் தொடங்குவதில்லையாம், விளக்கமே தேவைப்படவில்லை. வியாழன் மாலையே குட்டிகளை அவர் கொட்டிலுக்கு மாற்றிவிட்டால், வெள்ளி காலையில் அவர் படலை வாசலால் லொறி ஏறட்டும் என்று முடிவாயிற்று. அப்படியானால் அவருடைய சீதேவி போகாதா என்று அண்ணா கேட்டதற்கு, அது அவருடைய சீதேவி இல்லையே என்றார் மச்சாள்.

வியாழன் மாலை நடந்ததை நான் இன்றைக்கும் தனியாக நினைத்துச் சிரிப்பேன். தாயைப் பிரிந்த குட்டிகள் கத்திக்கொண்டு வீதிக்கு வந்தன. ஒன்று இடப்பக்கம் திரும்பியது, அவ்வளவுதான், எல்லாம் கோவாத் தோட்டத்துக்குள். மச்சாள் ஒரு பக்கம், நான் தாதி உடையோடு ஒரு பக்கம். ரயிலால் இறங்கி வந்த அண்ணா கைப்பையை எறிந்துவிட்டு, கழுத்துப்பட்டி காற்றில் பறக்க வரப்பில் ஓடினார். இத்தாலிய அம்மா ஏப்ரனால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். கோவா வெட்டி, மிஞ்சிய இலையோடு உழவிருந்த பாத்தி என்பதால் தப்பினோம். மறுநாள் தரகர், இவ்வளவு வயிறு நிறைந்த குட்டிகளைத் தான் கண்டதில்லை என்று பாராட்டினாராம். நல்ல விலைக்குப் போயின. நகரத்துப் பேச்சை அண்ணா பிறகு எடுக்கவில்லை.

இன்று அந்தக் காணியில் வீட்டுக்கு வீடு கை நீட்டித் தொடும் இடைவெளிதான். காரில் கடக்கும்போது எது எங்கள் படலை இருந்த இடம் என்றுகூடத் தெரியவில்லை. அதற்காக நான் வருந்துவதில்லை. அங்கே நடக்க வேண்டியது நடந்து முடிந்துவிட்டது.

குட்டிகள் விற்ற காசோலையும் ஒரு வெள்ளிக்கிழமைதான் வந்தது. வரவுக்கு வெள்ளி நல்லதாம். ஆனால் தொலைபேசியில் பேசியவர் அண்ணா என்பதால் அவர் பெயரில் எழுதியிருந்தார்கள். மச்சாளின் முகம் வாடிவிட்டது. அண்ணா அதன் பின்பக்கத்தில் கையெழுத்து வைத்து மச்சாள் பெயருக்கு மாற்றிக் கொடுத்து, எங்கள் இருவரையும் வங்கிக்குக் கூட்டிப் போனார். கணக்குத் திறக்கிற இளைஞன் மச்சாளின் பெயரையும் முகவரியையும் அண்ணாவிடமே கேட்டுக்கொண்டிருந்தான். தொழில் என்ன என்று அவன் கேட்டபோது, அண்ணா வாய் திறக்குமுன் மச்சாள், "ஃபார்மர்" என்றார். அவன் பேனையை நிறுத்தி, உறுதிசெய்துகொள்ள அண்ணாவைப் பார்த்தான். அண்ணா அவசரத்தில் தமிழிலேயே சொன்னார்:

"ஓம், அவதான்."

அவனுக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனாலும் எழுதிக்கொண்டான். அடுத்த கேள்வியை மச்சாளைப் பார்த்துக் கேட்டான்.