ஏழடி ஆழம், ஒரு ஏணி

தருமபுரியில் வீடு கட்டுகிறவர்களுக்கு எஸ்டிமேட் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. மாடிப் படிக்கு, சாமி அறைக்கு, கார் நிறுத்தும் கொட்டகைக்கு என்று எத்தனையோ போட்டிருக்கிறேன். நீச்சல் குளத்துக்கு மட்டும் யாரும் கேட்டதில்லை. கேட்பானேன்? குடிக்கிற தண்ணீருக்கே குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நிற்கிற ஊர் இது.

முதன்முதலில் கேட்டவர் ஒரு மாங்காய் மண்டிக்காரர். பொம்மிடி போகிற சாலையில் புது வீடு கட்டியிருந்தார். அவர் மனைவிக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துபோயிருந்தன. தண்ணீருக்குள் நடந்தால் முட்டி மேல் பாரம் விழாது, அதனால் அப்படி நடக்கச் சொல்லியிருந்தார் சேலத்து டாக்டர். அந்த அம்மாளும் வாரம் ஒருமுறை ஒகேனக்கலுக்குப் பஸ் ஏறிப் போய், படி இறங்கி, இடுப்பளவு ஆற்றில் கம்பியைப் பிடித்தபடி நடந்துவிட்டு வந்துகொண்டிருந்தார். நடந்துவிட்டு வந்த அன்றைக்கு மட்டும்தான் வலியில்லாமல் தூங்குகிறாராம்.

"எண்ண தேச்சிக்கிட்டு ஊரே குளிக்கிற எடத்துல நம்ம வூட்டுப் பொம்பள நடந்துக்கிட்டிருந்தா நல்லாவா இருக்குது? வூட்லயே ஒண்ணு கட்டிப்புடலாங்க சார்" என்றார் மண்டிக்காரர். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பெண்டாட்டி முட்டிக்காகக் குளம் வெட்டுகிற மகராசன் நம்ம ஊரிலும் இருக்கிறானே என்று அன்றைக்கு மனசார நம்பினேன்.

நம்பியபடியே படமும் போட்டேன். இடுப்பளவு தண்ணீர், நடக்கிற அளவுக்கு நீளம், அகலமான படி, பிடித்துக்கொள்ளக் கம்பி. அந்த அம்மாள் படத்தில் படி இருந்த இடத்தில் விரலை வைத்து, "இது படிதானே தம்பி? இன்னும் கொஞ்சம் அகலமா போட்டுருங்க. ரெண்டு காலையும் ஒரே படியில வெச்சாத்தான் அடுத்த படிக்கு எறங்க முடியுது" என்றார். உடனே திருத்திக் கொடுத்தேன். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

மண்டிக்காரர் அதே படத்தைப் பார்த்துவிட்டு, "என்னாங்க சார் இது, மாட்டுத் தொட்டியா?" என்றார்.

அப்போதுதான் பூனைக்குட்டி வெளியே வந்தது. மகளைப் பெங்களூரில் கட்டிக் கொடுத்திருக்கிறார். அந்தச் சம்பந்தி வீட்டில் நீச்சல் குளம் இருக்கிறது. அதன் போட்டோவும் ஆன செலவும் இவர் போனில் ஏற்கெனவே இருந்தன. "பெங்களூர்லயே அவருக்கு இவ்ளோதான் ஆயிருக்குது. நம்மூர்ல கூலி கம்மி. பாதியில முடிஞ்சிரணும்" என்றார்.

பாதியிலா? எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வரிசையாக எடுத்துவிட்டேன். சம்பந்தி வீட்டில் செம்மண், பொக்லைன் அல்வா மாதிரி அள்ளிப் போட்டிருக்கும். இவர் மனையில் கொஞ்சம் மண்ணைக் கிளறினாலே பாறை. சுற்றிலும் வீடு இருப்பதால் வெடி வைக்க முடியாது, கம்ப்ரெசரை வைத்து உடைத்துக்கொண்டே கிடக்க வேண்டும். குளத்துக்கு டைல்ஸ் ஒட்டிப் பழகிய ஆட்கள் பெங்களூரிலிருந்து வர வேண்டும், அவர்கள் தங்குவதும் தின்பதும் நம் தலையில். தண்ணீரை வடிகட்டும் மெஷினும் அங்கிருந்துதான். தண்ணீரோ லாரியில். கூலி குறைவதெல்லாம் இதில் எந்த மூலைக்கு? கூட்டிப் பார்த்தால் பெங்களூரை விடத் தருமபுரியில்தான் செலவு அதிகம். ஆழத்தை இடுப்பளவோடு நிறுத்தினால்தான் கட்டுப்படியாகும் என்று சொல்லி முடித்தேன். ஆளை மடக்கிவிட்டதாக நினைப்பு வேறு.

மண்டிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சம்பந்திக்கு ஆனத விட நமக்கு அதிகமா ஆவுமா? நெசமாவா சார்?"

"ஆமாங்க."

"அப்பிடிப் போடுங்க! அவருது அஞ்சரை அடி ஆழம். நம்முளுது ஏழு."

இத்தனை வருஷத்தில் செலவு அதிகம் என்று கேட்டுப் பூரித்துப்போன மனிதரை அன்றுதான் பார்த்தேன். "ஏழடியில அம்மா எப்பிடிங்க நடப்பாங்க?" என்று கேட்டேன். "பழகிக்குவா" என்றார். ஐந்தடி உயரப் பெண்மணி ஏழடித் தண்ணீரில் எதைப் பழகுவது? மூச்சு விடாமல் இருப்பதையா?

அடுத்து படிக்கு வேட்டு. படி இடத்தை அடைக்கிறதாம், சம்பந்தி வீட்டில் ஸ்டீல் ஏணியாம். மிச்சமான இடத்தில் கலர் லைட்டும் ஓர் அருவியும் வேண்டுமாம். உள்ளே இருக்கிற நிஜப் பாறையை உடைத்து ரோட்டோரம் கொட்டிவிட்டு, சிமெண்டில் பொய்ப் பாறை செய்து, அதன்மேல் ஒகேனக்கல் மாதிரி தண்ணீர் விழ வேண்டும். என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன். வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார், பார்த்துக்கொண்டார்.

இருந்தாலும் திறப்பு விழாவுக்கு என்னைக் கூப்பிட மறக்கவில்லை. எதற்கென்று போனதும் தெரிந்தது. சம்பந்தியை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, "இஞ்சினியரே சொல்லிட்டாருங்க, பெங்களூர விட நம்மூர்ல செலவு ஜாஸ்தின்னு" என்றார். நான் தலையாட்டினேன். வேறென்ன செய்ய, நான் சொன்னதுதானே. வீட்டில் யாருக்கு நீச்சல் தெரியும் என்று சம்பந்தி கேட்டார். "நம்ம வூட்டம்மாவுக்காகத்தாங்க கட்டுனதே. முட்டி வலி பாவம்" என்றார் மண்டிக்காரர், கூசாமல். கூட்டத்துப் பெண்கள், "குடுத்து வெச்சவ" என்றார்கள். குடுத்து வைத்தவர் ஓரத்துக்கே வராமல் தள்ளி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

கொஞ்ச நாள் கழித்துத் தருமபுரி பஸ் ஸ்டாண்டில் அந்த அம்மாளைப் பார்த்தேன். ஒகேனக்கல் பஸ் பக்கத்தில் நின்றிருந்தார். கையில் துணிப்பை, அதில் மாற்றுப் புடவை.

"ஆத்துக்குங்களாம்மா?"

"மெதுவா பேசுங்க தம்பி. கோயிலுக்குன்னு சொல்லிட்டு வந்திருக்கறேன். வூட்ல அம்மாம் பெரிய கொளத்தக் கட்டிக் குடுத்தும் ஆத்துக்குப் போறியான்னு கத்துறாரு. முந்தியெல்லாம் சொல்லிட்டே போவேன்."

"அந்தக் குளத்துலயே ஒரு ஓரமா மேடு கட்டிப் படி வெச்சிரலாம்மா. நானே வந்து எஸ்டிமேட் போட்டு அவருகிட்ட பேசுறேன்" என்றேன்.

"ஐயோ, வேணாஞ் சாமி!" என்று கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்க எஸ்டிமேட்டு போட்டா அவரு இன்னும் ரெண்டடி தோண்டிப்புடுவாரு."

டிரைவர் வண்டியைக் கிளப்பினார். அந்த அம்மாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, பஸ் படியில் ஒரு காலை வைத்தார். இன்னொரு காலையும் அதே படிக்குத் தூக்கி வைத்துவிட்டு, அடுத்த படியைப் பார்த்தார்.