புஸ்பமக்கா ஏறிய படகு

அன்று காலை தேநீருக்குக் கேத்திலைப் போட்டுவிட்டு யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். தொலைபேசி அடித்தது. ரொறன்ரோவுக்குப் பக்கத்து அஜக்ஸிலிருந்து லீலா, புஸ்பமக்காவின் கணவருடைய தங்கை. லீலா கதைக்கத் தொடங்கினால் முதலில் குளிர், பிறகு முழங்கால், அதன் பிறகுதான் விஷயம் வரும். அன்று குளிரும் வரவில்லை, முழங்காலும் வரவில்லை. "வசந்தி, மச்சாள் எங்களை விட்டிட்டுப் போட்டா" என்றார்.

"விசர்க்கதை கதையாதையும். நேற்றுப் பின்னேரம்தானே என்னோட கதைச்சவ" என்றேன். செத்தவீடு சொல்ல எடுத்த மனிசியோடு சண்டை பிடித்தேன். நேற்றுக் கதைத்தவர் இன்று எப்படிச் சாவார் என்பது அப்போது எனக்கு நியாயமான கேள்வியாகவே பட்டது. டோர்செட் பார்க்கில் அவர் தனியாக இருந்த மாடிவீட்டில், நித்திரையிலேயே அக்காவின் உயிர் பிரிந்திருந்தது. கேத்தில் கொதித்துத் தானாகவே நின்றுவிட்டது. நான் தேத்தண்ணீர் ஊற்றவில்லை.

முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் எங்களோடு நின்று வேலைசெய்தவர்களுக்கு அக்காவைப் பற்றி நான் என்ன புதிதாகச் சொல்வது? கட்டையான உருவம். தடித்த கண்ணாடி. நெற்றியில் ஒருநாளும் தவறாத சிவப்புப் பொட்டு. புதிதாக வந்த மேற்பார்வையாளர் ஒருவர் அந்த ஒட்டுப் பொட்டைக் காட்டி, அது கழன்று சூப்புக்குள் விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்டது உங்களில் சிலருக்கு ஞாபகமிருக்கும். அவர் கேட்டதிலும் பிழையில்லை. அக்கா கழுவுமிடத்துக்குப் போய், பொட்டைக் கழற்றி அங்கிருந்த கண்ணாடியில் ஒட்டிவிட்டு, கைப்பையிலிருந்த குங்குமத்தைத் தொட்டு வைத்துக்கொண்டு வந்தார். "திஸ் வன் நோ ஃபோலிங்" என்றார். அன்றிலிருந்து வேலைக்குக் குங்குமம், வெளியே ஒட்டுப் பொட்டு. வேலை முடிந்து போகும்போது கண்ணாடியில் காத்திருப்பதை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போவார்.

அந்தப் பொட்டுக்குரிய மனிதரை நாங்கள் யாரும் கண்டதில்லை. அவரைப் பற்றி நான் அறிந்தது ஒரு கோடையில். வேலையிடத்தில் எல்லோருமாக ரொறன்ரோத் தீவுக்குப் போவதாக ஏற்பாடு. றோல்ஸும் கட்லட்டும் விடிய எழும்பிச் செய்து, துறை வரைக்கும் சுமந்துகொண்டு வந்தவர் அக்கா. படகு வந்ததும் பையை என் கையில் தந்துவிட்டு, "நீங்கள் போட்டு வாங்கோ. நான் இதில இருக்கிறன்" என்றார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வந்தது. கடல்கூட இல்லை, ஏரி. அந்தக் கரை இங்கிருந்தே தெரிகிறது. என்ன சொல்லியும் அசையவில்லை. நாங்கள் விளையாடிக் களைத்துத் திரும்பி வந்தபோது துறையோரத்து மர வாங்கில், விட்டுப்போன அதே மாதிரி இருந்தார்.

சப்வேயில் வரும்போது அவராகவே சொன்னார். சண்டைக்காலத்தில் யாழ்ப்பாணத்துக்குத் தரைப்பாதை பூட்டியிருந்தது. கடல்நீரேரியைப் படகில் கடந்து கொழும்புக்கு ஓர் அலுவலாகப் போனவர் அவரது கணவர் குலசிங்கம் அண்ணை. போனவர் போனவர்தான். உடலும் வரவில்லை, செய்தியும் வரவில்லை. அவர் திரும்பி வரும்வரை தான் படகில் கால் வைப்பதில்லை என்று அம்மன் கோயிலில் அக்கா நேர்த்தி வைத்திருக்கிறார். "கனடாவுக்குப் பிளேனில வரலாம் எண்டபடியால்தான் வந்தன்" என்றார். ஆள் இல்லை என்று யாரும் சொல்லாத இடத்தில் கிரியை செய்வதெப்படி? முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி இல்லை, திவசம் இல்லை. தாலியும் பொட்டும் இருந்தபடியே இருந்தன. நான் அதன் பிறகு தீவுக்குப் போகவில்லை. போகலாம் என்று அக்கா சொன்னார். எனக்குத்தான் மனம் வரவில்லை.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது என் மகள் எகிப்துக்குப் பயணம் ஒழுங்குசெய்தாள். கண்ணாடி மாளிகை மாதிரிப் பெரிய உல்லாசக் கப்பல் அல்ல. டஹாபியா என்பார்கள், இரண்டு பாய் கட்டிய பழைய காலத்துப் படகு, சில அறைகள் மட்டும். காற்றிருந்தால் நைல் நதியில் தெற்கே போகும். இல்லாவிட்டால் கரையில் கட்டிவிட்டு எல்லோரும் சும்மா இருக்கவேண்டும். இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்றாள் மகள். ஒரு வாய்ப்பேச்சுக்குத்தான் நான் அக்காவிடம் கேட்டேன்.

"வாறன்" என்றார்.

"அக்கா, இது போட். விளங்கிச்சுதோ?"

"எனக்கென்ன காது கேக்காதோ? வாறன் எண்டு சொன்னனான்."

காரணம் கேட்க எனக்குப் பயமாக இருந்தது. நான் வாயாடி என்பது ஊருக்கே தெரியும். ஆனால் அந்த ஒரு கேள்வியை விமானத்திலும் கேட்கவில்லை, விடுதியிலும் கேட்கவில்லை. படகு கட்டியிருந்த கரைக்கு வந்தோம். கரைக்கும் படகுக்கும் நடுவே ஒரு பலகை. எல்லோரும் ஏறிவிட்டார்கள். அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பலகைக்கு இந்தப் பக்கம் நின்றார். படகோட்டிகளில் ஒருவர் கை நீட்டினார். ஹசன் என்று பெயர். நரைத்த தாடி, நீளமான அங்கி. அவர் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அக்கா குனிந்து பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். பிறகு வலது காலை எடுத்து வைத்து ஏறினார். கலியாணம் முடித்து வந்த பொம்பிளை வீட்டுக்குள் வருவதுபோல இருந்தது. நான் திரும்பி நின்று அழுதேன்.

எங்கள் ஊரில் ஆறு கிடையாது. யாழ்ப்பாணத்தாருக்கு ஆறு என்பது பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருப்பது. இரண்டு பக்கமும் கரும்பும் வாழையும், அதற்கு அப்பால் உடனேயே வெறும் மணல்மலை; நடுவில் எங்கள் படகு நடைபழகுகிற பிள்ளைபோலப் போய்க்கொண்டிருந்தது. எனக்கென்றால் கால் கை ஓரிடத்தில் நிற்காது. எப்போது போய்ச் சேருவோம் என்று நச்சரித்துக்கொண்டே இருந்தேன். "சேர்ந்தால் இறங்கவேணுமெல்லே. பேசாமல் இரும்" என்றார் அக்கா. மேல்தளத்தில் மெத்தையில் சாய்ந்து, கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பாயையே பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு வேலை, மூன்று பஸ் என்று ஓடிய மனிசி சும்மா இருந்ததை நான் அங்கேதான் முதன்முதலில் கண்டேன். போகும்போது காற்றுத் தள்ளும், திரும்பும்போது தண்ணீரே கொண்டுவந்து விடும் என்று எங்கள் வழிகாட்டி விளக்கினார். நான் அதைத் தமிழில் சொன்னேன். அக்கா பாயிலிருந்து கண்ணை எடுத்துத் தண்ணீரைப் பார்த்தார். "இவர் போன பக்கம் காத்து மட்டும்தான் இருந்தது போல" என்றார் பிறகு.

ஒருநாள் காற்று அடியோடு நின்றுவிட்டது. படகைக் கரையில் கட்டினார்கள். அக்கா காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தன் பெட்டியிலிருந்து மிளகாய்த்தூள் பையை எடுத்துக்கொண்டு படகின் சமையலறைக்குள் போனார். சமையற்காரருக்கும் இவருக்கும் ஒரு பாஷையும் பொதுவில்லை. ஆனாலும் மத்தியானம் சோறும் மீன்குழம்பும் ஆகியிருந்தன. ஒரு தட்டில் சோற்றைப் போட்டு, குழம்பை விட்டு, ஒரு கிளாஸ் தண்ணீரோடு முன்தளத்தில் வைத்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. இது குலசிங்கம் அண்ணைக்குப் படையல்.

"இண்டைக்கோ அக்கா?" என்றேன்.

"எந்த நாள் போனவர் எண்டு எனக்கு ஆர் சொன்னது? காத்து நிண்ட நாளை எடுப்பம்" என்றார்.

இரண்டு கையையும் கூப்பிக் கண்ணை மூடினார். எங்கள் வழக்கத்தில் காகம் வந்து எடுக்கவேண்டும். நான் வானத்தைப் பார்த்தேன். கரையிலிருந்த பேரீச்ச மரங்களைப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு காகமும் இல்லை. பாயைச் சுருட்டிக் கட்டிவிட்டு இறங்கி வந்தவர் ஹசன். வியர்த்துக் களைத்திருந்தார். தட்டைப் பார்த்தார். அதற்கு முன்னால் கைகூப்பி நிற்கிற அக்காவைப் பார்த்தார். தனக்குத்தான் மரியாதையோடு சாப்பாடு தருகிறார் என்று நினைத்துவிட்டார். நெஞ்சில் கை வைத்துத் தலைகுனிந்து, சப்பாணி கட்டி உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கிவிட்டார்.

நான் பதறிக்கொண்டு எழும்பினேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். கண் திறந்திருந்தது.

"விடும் வசந்தி. அந்தாள் சாப்பிடட்டும்."

ஹசன் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் வழித்துச் சாப்பிட்டார். எங்கள் உறைப்பில் கண்ணாலும் மூக்காலும் தண்ணீர் ஓடியது. ஆனாலும் நிமிர்ந்து பார்த்து, கையால் குழம்புச் சட்டியைக் காட்டினார். அக்கா போய்ச் சட்டியை எடுத்துவந்து, இன்னும் சோறு போட்டுக் குழம்பு விட்டார். விடும்போதுதான் உடைந்தார். "இவருக்கும் குழம்பு ரெண்டாந்தரம் வேணும்" என்று சொல்லிச் சொல்லி அழுதார். ஹசனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் சாப்பாட்டை நிறுத்தக்கூடாது என்று மட்டும் விளங்கியிருக்கவேண்டும். அழுகிற மனிசிக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் சாப்பிட்டு முடித்தார். அதன் பிறகு அக்கா கை கழுவிக்கொண்டு வந்து தானும் சாப்பிட்டார்.

மறுநாள் காலை அறையில் கண்ணாடிக்கு முன்னால் நின்றார். முதல்நாள் படுக்கப்போகும்போது அதில் ஒட்டிய பொட்டு அங்கேயே இருந்தது. இனி அதைத் தொடமாட்டார் என்று நினைத்தேன். எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார். என் முகத்தைக் கண்ணாடியில் கண்டிருப்பார்.

"லீலாவுக்கு ஒரேயொரு தமையன்" என்றார். "என்ர நெத்தியைப் பாத்துத்தான் அவள் தமையன் இருக்கிறார் எண்டு நம்புறாள். நான் சாப்பாடு குடுத்திட்டன், என்ர அலுவல் முடிஞ்சுது. அவளின்ர நம்பிக்கையை நான் ஏன் அழிப்பான்? உதை ஒருத்தருக்கும் சொல்லாதையும்."

நானும் சொல்லவில்லை. எனக்கு வாய் நில்லாது என்று எப்போதும் பகிடி பண்ணுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

இறுதிச் சடங்கன்று, பார்வைக்கு வைப்பதற்கு முன்னால் குருக்கள் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்: "அம்மாவுக்குப் புருசன் இருக்கிறாரோ?" நின்ற பெண்கள் எல்லோரும் நிலத்தைப் பார்த்தோம். இருக்கிறார் என்றால் கூறைச்சேலை, குங்குமம், பூ, சுமங்கலியாக அனுப்பவேண்டும். இல்லை என்றால் ஒன்றும் இல்லை. ஒருவர், "இத்தனை வருசமாச்சு, இனி என்னத்துக்கு" என்று முணுமுணுத்தார். மற்றவர், "பொட்டோட திரிஞ்ச மனிசியெல்லே" என்றார். நான் ஒரு சொல் சொன்னால் லீலாவின் அண்ணன் அந்த இடத்திலேயே செத்துவிடுவார். சொல்லாவிட்டால் அக்கா படைத்த படையல் பொய்யாகிவிடும். லீலா என் கையைப் பிடித்து ஓர் ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"அந்தப் போட்டில மச்சாள் அண்ணைக்குப் படைச்சவவோ?"

நான் அக்கா கிடந்த பக்கம் பார்த்தேன்.

"நீர் எகிப்திலயிருந்து அனுப்பின படத்தில அவ போட்டில இருக்கிறதைக் கண்ட அண்டைக்கே எனக்கு விளங்கீட்டுது. அண்ணை வருவார் எண்டு நம்பினால் அவ ஏறியிருக்கமாட்டா. அவ எனக்காகப் பொட்டு வைச்சுக்கொண்டு வந்தா. நான் அவவுக்காகக் கேக்காமல் இருந்தன்."

லீலா திரும்பிப் போய்க் குருக்களிடம், "கூறையை உடுத்துங்கோ" என்றார். குங்குமச் சிமிழைத் தானே வாங்கினார். முதலில் கொஞ்சம் அக்காவின் மூக்கில் கொட்டியது. சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, அக்கா வைக்கிற அதே இடத்தில், அதே அளவில் வைத்தார். "அவ வைச்ச பொட்டு. இல்லையெண்டு சொல்ல நான் ஆர்?" என்றார்.

அந்தியேட்டியன்று லீலாவின் வீட்டில் படைத்தார்கள். இரண்டு வாழையிலை போட்டிருந்தது. ஒன்றுக்கு முன்னால் அக்காவின் படம், மற்றதுக்கு முன்னால் குலசிங்கம் அண்ணையின் படம். அண்ணையின் படத்துக்கு அன்றுதான் முதன்முதலாக மாலை விழுந்தது. மீன் கூடாத நாள் என்பதால் கத்தரிக்காய்க் குழம்புதான். லீலா அண்ணையின் இலையில் இரண்டாந்தரமும் குழம்பு விட்டார். படகில் நடந்ததை நான் லீலாவுக்குச் சொல்லியிருந்தேன். இதை எழுதலாமா என்று கேட்டதற்கு, "எழுதும். இனி ஒளிக்க ஆர் இருக்கினம்" என்றார்.

போன பொங்கலுக்கு அக்கா என் வீட்டில் தங்கினார். போகிற அவசரத்தில் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டிய பொட்டை மறந்துவிட்டுப் போய்விட்டார். அடுத்தமுறை வரும்போது எடுப்பார் என்று விட்டுவைத்தேன். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அக்கா கட்டை, அவரது நெற்றிக்கு நேரே ஒட்டியது என் தாடைக்குத்தான் வருகிறது. தினமும் காலையில் முழங்காலைக் கொஞ்சம் மடித்துக் குனிந்தால், அது என் நெற்றிக்கு நேரே வந்து நிற்கிறது.